பழக்கிவிட்ட ஆள் போய்விட்டால் என்ன மிச்சம்?

கோயம்புத்தூரில் பம்ப் செட்டுகளுக்கான இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்), கேசிங் (அதைச் சுற்றியுள்ள உறை) போன்ற பாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றை நடத்தும் நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். பத்து ஆண்டுகளில் மூன்று பேரைக் கைபிடித்து வளர்த்து ஃபோர்மேன் ஆக்கினேன். இருவர் போய்ச் சொந்தமாக லேத் போட்டுவிட்டார்கள். ஒருவர் கூடுதல் சம்பளத்துக்குப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். ஆட்களைத் தலைவர்களாக வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் முதலாளிக்கு உண்மையில் என்ன பலன்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியும். வார்ப்பட ஆலையிலும் பம்ப் தொழிலிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். முதல் ஒன்பது ஆண்டுகள் மிஷினுக்கு முன்னால் நின்றேன். பிறகு ஷிஃப்ட் பொறுப்பு, அதன் பிறகு உற்பத்தி மேலாளர். என்னை வளர்த்தவர்கள் இருந்தார்கள். நான் வளர்த்து, பிறகு இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, வளர்த்துவிட்டவர் நன்றியோடு கடைசி வரை நம்மிடமே இருப்பார் என்பதைப் பலனாக எண்ணி இந்த வேலையைத் தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலன்கள் உண்டு, அவை பெரியவையும்கூட. ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் அவை இல்லை.

உங்கள் தொழிலிலிருந்தே தொடங்குவோம். ஒரு இம்பெல்லர் வார்ப்படத்தில் காற்றுத்துளை விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை உடைத்து எடுத்த இடத்திலேயே அது கண்ணில் பட்டால், மறுபடி உலையில் போட்டு உருக்கிவிடலாம். மின்சாரமும் கூலியும் மட்டுமே நஷ்டம். கடைந்து முடித்து, சமநிலையோடு சுழல்கிறதா என்று பேலன்சிங் பார்க்கும்போது தெரிந்தால், அதுவரை ஓடிய மிஷின் நேரமும் தேய்ந்த டூலும் அந்த நஷ்டத்தோடு சேரும். யார் கண்ணிலும் படாமல் பம்புக்குள் போய், அந்தப் பம்ப் 700 அடி ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க ஆளும் வண்டியும் பிடிக்க வேண்டும். அதற்குள் பயிர் வாடும். விவசாயி கடைக்காரரிடம் சண்டை போடுவார், கடைக்காரர் பம்ப் கம்பெனியைக் கேட்பார், கம்பெனி அந்த நஷ்டத்தை உங்கள் கணக்கில் கழித்து டெபிட் நோட் அனுப்பும். துளை ஒன்றுதான், அது எந்த இடத்தில் பிடிபடுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை நூறு ரூபாயாகவும் இருக்கலாம், ஒரு வாடிக்கையாளரையே இழப்பதாகவும் இருக்கலாம்.

அந்தத் துளையை முதலில் பார்க்கக்கூடியவர் மிஷினில் நிற்பவர். பார்த்ததை அவர் சொல்வாரா என்பது, பக்கத்தில் இருப்பவருக்கு மிஷினை நிறுத்தும் உரிமை உண்டா என்பதைப் பொறுத்தது. அந்த உரிமை முதலாளி ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் அன்று வங்கிக்குப் போயிருந்தால், "முதலாளி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த லாட் (ஒரு தொகுதிப் பாகங்கள்) முழுவதையும் ஓட்டி முடித்துவிடுவார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்றோ அக்கறையின்மை என்றோ நினைத்துவிடாதீர்கள். நிறுத்தினால் "ஏன் நிறுத்தினாய்" என்று திட்டு விழும். ஓட்டினால் "சொன்னதைச் செய்தேன்" என்று தப்பிக்கலாம். எந்த மனிதரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். என் அனுபவத்தில் ஒரு பட்டறையில் பேசப்படும் சொற்களிலேயே அதிக விலை கொண்டவை "முதலாளி வரட்டும்" என்ற இரண்டு சொற்கள்தாம். ஆட்களைத் தலைவர்களாக வளர்ப்பதன் முதல் பலன் அந்தச் சொற்கள் குறைவதுதான்: தவறு எங்கே கண்ணில் படுகிறதோ அங்கேயே முடிவும் எடுக்கப்படும். இதை நீங்கள் ரிஜெக்ஷன் கணக்கில், அதாவது தரமில்லை என்று கழித்த பாகங்களின் கணக்கில், சில மாதங்களிலேயே பார்த்துவிடலாம்.

கெட்ட செய்தி சீக்கிரம் உங்களிடம் வந்து சேரும் என்பதும் இதோடு ஒட்டிய பலன். திட்டுக்குப் பயந்த பட்டறையில் முதலாளிக்குக் கடைசியாகத்தான் விஷயம் தெரியும். உங்கள் சொந்த நேரம் திரும்பக் கிடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திருமணத்துக்குப் போனால் எத்தனை முறை போன் அடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அது போதும்.

ஆனால் இந்தப் பலன்களுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அதைப் புரிந்துகொள்ள, நம் நாட்டில் நடந்து எல்லோரும் ஓரளவு கேள்விப்பட்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் புதிதாக ஏதாவது பிடிபடுகிறது.

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் திடீரென்று மறைந்தபோது அவருக்கு வயது 52. இந்திய விண்வெளித் திட்டம் அவரையே சுற்றி வளர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்ற சதீஷ் தவான், செயற்கைக்கோள் ஏவும் முதல் இந்திய ராக்கெட்டான எஸ்.எல்.வி-3 திட்டத்தின் இயக்குநராக அப்துல் கலாமை வைத்து வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அந்த ராக்கெட் புறப்பட்டது. முதல் கட்டம் சரியாக வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்திருந்ததால் ராக்கெட் நிலைதவறி, ஏவிய 317 வினாடிகளில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. கலாம் பின்னாளில் பல மேடைகளில் தாமே விவரித்தபடி, ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி எச்சரித்து ஏவுதலை நிறுத்தி வைத்திருந்தது; உடனிருந்த நிபுணர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றார்கள்; கணினியை மீறி ஏவும் முடிவை எடுத்தவர் திட்ட இயக்குநராகிய அவரே.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தோல்வி வெறும் விதியால் வந்ததன்று. அதில் கீழே இருந்தவரின் முடிவுக்கும் பங்கு இருந்தது. நம் பட்டறையில் இப்படி நடந்திருந்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். "உன்னை நம்பிக் கொடுத்தேனே" என்ற ஒரு வாக்கியத்தோடு அந்த ஆளின் தலைமைப் பொறுப்பு முடிந்துவிடும். அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்தவர் தவான். தோல்விக்கான பொறுப்பை நிறுவனத்தின் தலைவராகத் தாம் ஏற்றுக்கொண்டு, தம்முடைய பொறியாளர்கள் மீது நம்பிக்கை இருக்கிறது, அவர்கள் வெற்றி பெறுவார்கள் என்ற பொருளில் பேசினார். கலாமைத் திட்டத்திலிருந்து நீக்கவில்லை. தோல்விக்கான காரணம் என்ன என்று துருவி ஆராய்ந்தார்கள். ஆளை மாற்றாமல் குறையை மாற்றினார்கள். பதினொரு மாதங்கள் கழித்து, 1980 ஜூலை 18 அன்று, அதே குழுவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பை நடத்தும்படி தவான் கலாமிடம் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலும் தவானின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆலையின் உற்பத்தியை நடத்தியவன் என்ற முறையில் நான் அதில் கூர்மையான நிர்வாக அறிவையும் பார்க்கிறேன். தோல்வி நாளில் கலாமை முன்னால் தள்ளியிருந்தால், அந்தக் கூடத்தில் இருந்த பொறியாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாடம் கற்றிருப்பார்கள்: முடிவெடுக்காதே, எழுத்தில் மேலிடத்து அனுமதி வாங்கி வைத்துக்கொள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு சிறு முடிவும் தவானின் மேசைக்கு வந்து காத்துக் கிடந்திருக்கும். மாறாக அவர்கள் கற்றது, நேர்மையாக எடுத்த முடிவு தவறினால் மேலே இருப்பவர் தாங்குவார் என்பதை. முடிவெடுக்கத் துணிந்தவர்களின் ஒரு பட்டாளமே அவருக்குக் கிடைத்தது. பழியை மேலே எடுத்துக்கொண்டு பெருமையைக் கீழே கொடுத்ததற்கு அவர் பெற்ற பலன் அதுதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கதையில் அதுவும் இருக்கிறது. வெற்றி கிடைத்து இரண்டே ஆண்டுகளில், 1982இல், கலாம் இஸ்ரோவை விட்டு ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இரண்டும் அரசு நிறுவனங்கள்தாம் என்றாலும், வளர்த்த இடத்துக்கு இழப்பு இழப்புதானே. ராக்கெட் திட்டம் அதனால் நின்றுவிட்டதா? அடுத்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் 1983 ஏப்ரலில் வெற்றிகரமாகப் பறந்தது. 1967இலேயே தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் சேர்ந்து எஸ்.எல்.வி-3 குழுவில் பணியாற்றிய மாதவன் நாயர், பிறகு பி.எஸ்.எல்.வி ராக்கெட் திட்டத்தின் இயக்குநரானார். அதன் முதல் ஏவுதல் 1993 செப்டம்பரில் தோற்றது. இரண்டாவது ஏவுதல் 1994 அக்டோபரில் வென்றது. 2003இல் அவரே இஸ்ரோவின் தலைவரானார். 1984இல் தவானுக்குப் பின் வந்த யு.ஆர்.ராவ் சாராபாயிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். அவருக்கும் மாதவன் நாயருக்கும் இடையில் தலைவராக இருந்த கஸ்தூரிரங்கன், பாஸ்கரா செயற்கைக்கோள் திட்டங்களை முன்னின்று நடத்தி வளர்ந்தவர். பிறகு நம் ஊர்ப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான்-1 திட்டத்தையும், வனிதா முத்தையா சந்திரயான்-2 திட்டத்தையும், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் சந்திரயான்-3 திட்டத்தையும் இயக்கும் வரை அந்தச் சங்கிலி அறவில்லை.

ஒருவர் போனதும் நிற்காமல் இருந்ததற்குக் காரணம், அங்கே ஒருவரை மட்டும் வளர்க்கவில்லை என்பதுதான். ஒரு ராக்கெட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர், அவர்கள் எல்லோருக்கும் முடிவெடுத்த பழக்கம். நீங்கள் எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள்: பத்து ஆண்டுகளில் மூன்று பேர், அதுவும் ஒருவர் போன பிறகு அடுத்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அறுபது பேருக்கு ஒரே ஒரு தளபதி இருந்தால் அவர் போகும் நாள் உங்களுக்கு நெருக்கடி நாளாகத்தான் இருக்கும். அவர் இருக்கும் நாட்களிலும் மனத்தின் மூலையில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பயத்தால் நீங்கள் அவருக்கு முழுப் பொறுப்பையும் கொடுத்திருக்க மாட்டீர்கள். முழுப் பொறுப்பு இல்லாததே அவர் வெளியே பார்க்கத் தொடங்கியதற்கு ஒரு காரணமாகவும் இருந்திருக்கலாம். வளர்த்ததனால் இழந்தீர்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறைவாக வளர்த்ததனால் அந்த இழப்பு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

போவார்கள் என்று தெரிந்தே வளர்ப்பதற்கு மதுரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. டாக்டர் கோ.வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் அறுவைக் கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டவர் அவர். ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குத்தான் அறுவை செய்ய முடியும் என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. அதற்கு அவர் கண்ட விடைகளில் முக்கியமானது, கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுப்பது. பார்வையளவு பார்ப்பது, அறுவைக்கு முந்தைய அளவீடுகள் எடுப்பது, நோயாளியிடம் பேசித் தெளிவுபடுத்துவது, அறுவை அரங்கில் உதவுவது என்று மருத்துவரே செய்யத் தேவையில்லாத வேலைகள் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை அவர்கள் தயாராக வைத்திருப்பார்கள். மருத்துவர் திரும்பி உட்கார்ந்து அடுத்ததைத் தொடங்குவார். அதனால்தான் அங்குள்ள ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் செய்யும் கண்புரை அறுவைகளின் எண்ணிக்கை மற்ற இடங்களைவிடப் பல மடங்காக இருக்கிறது. அதனால்தான் பணம் கட்ட முடியாதவர்களுக்கும் அங்கே கண் கிடைக்கிறது.

அந்தப் பெண்களில் பலர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். மருத்துவமனை அதைத் துரோகமாகக் கருதவில்லை. நடக்கப் போவது அதுதான் என்று கணக்கில் கொண்டு புதியவர்களைத் தொடர்ந்து சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது. தங்குகிறவர்களில் திறமையானவர்கள் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்கிறார்கள், அடுத்து வருபவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். பயிற்சியை ஒருமுறை செய்யும் முதலீடாகக் கருதாமல் மாதாமாதம் கட்டும் மின்கட்டணத்தைப் போல நடைமுறைச் செலவாகக் கருதினால், ஒருவர் போகும்போது வரும் மனக்கசப்பு பாதி குறைந்துவிடும்.

லேத் போட்டுக்கொண்டு போன இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையின் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. ஒரு பட்டறையில் கைத்திறனும் நிர்வாகமும் கற்றவர், ஒரு பழைய லேத்தை வாங்கி வீட்டோரத்துக் கொட்டகையில் போட்டு ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் வேலை) எடுத்தார். அவரிடம் கற்றவர் இன்னொன்று போட்டார். திருப்பூர்ப் பனியன் தொழிலிலும் தையல் மிஷினில் உட்கார்ந்து தொடங்கியவர்கள் பலர் முதலாளிகளாகியிருக்கிறார்கள். நாமே யோசித்துப் பார்த்தால், நம் அப்பாவோ நாமோ யாரோ ஒருவரின் பட்டறையிலிருந்து வெளியே வந்தவர்களாகத்தான் இருப்போம். அப்படிப் போனவருக்கு உங்கள் டிராயிங் தெரியும், உங்கள் அளவுத் திட்டம் தெரியும், எந்த வாடிக்கையாளர் எதைப் பொறுக்கமாட்டார் என்றும் தெரியும். புதிதாக ஒரு ஜாப் ஒர்க் ஆளைத் தேடி, அவரைப் பழக்கி, முதல் ஆறு மாத ரிஜெக்ஷனைத் தாங்குவதோடு ஒப்பிட்டால் இவர் எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும். என்னிடமிருந்து பிரிந்து போன ஒருவருக்கு முதல் மூன்று மாத வேலையை நானே கொடுத்தேன்; என் உடன்பணியாளர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஓர் அவசர ஆர்டரில் எங்கள் மிஷின் பழுதானபோது, தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு இரவுகள் விழித்து எங்கள் பாகங்களைக் கடைந்து கொடுத்தவர் அவர்தான். சண்டை போட்டு அனுப்பியிருந்தால் அன்று யாரிடம் போய் நின்றிருப்பேன்?

இனி, எப்படிச் செய்வது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். பலன் கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் வளர்ப்பதற்குப் பதிலாகப் பெயர் மட்டும் கொடுத்தவர்கள். சட்டையின் நிறத்தை மாற்றி, சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டி, சூப்பர்வைசர் என்று கூப்பிடத் தொடங்குவார்கள். முடிவுகள் எல்லாம் பழையபடி முதலாளியிடமே இருக்கும். நான் இளைஞனாக வேலை பார்த்த ஓர் ஆலையில் எனக்கே இது நடந்தது. ஷிஃப்ட் முழுவதும் என் பொறுப்பு என்றார்கள், ஆனால் ஒரு டிரில் பிட் உடைந்தால் புதியது வாங்க எனக்கு உரிமை இல்லை. நான் ஓர் ஆளை ஒரு மிஷினில் நிறுத்தினால், முதலாளி வந்து எனக்குச் சொல்லாமலே அவரை வேறு மிஷினுக்கு மாற்றிவிடுவார். ஒரு வாரத்தில் என் சொல்லுக்கு மதிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு நான் தலைவனாக இருக்கவில்லை, தூதனாக இருந்தேன்.

ஆகவே நீங்கள் கொடுக்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை, அது 5,000 ரூபாயாக இருந்தாலும் சரி, யாரையும் கேட்காமல் செலவு செய்யும் உரிமை. தரம் சரியில்லை என்றால் மிஷினை நிறுத்தும் உரிமை. தன் ஆட்களுக்கு விடுப்பு கொடுக்கும் உரிமை, புதிய ஆளைச் சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் உரிமை. அவருக்குக் கீழே வேலை செய்பவருக்கு நீங்கள் நேரடியாக உத்தரவு போடாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம், இவை எல்லாவற்றையும்விடக் கடினம். தளத்தில் நடந்து போகும்போது ஒரு தவறு கண்ணில் பட்டாலும், கை துடித்தாலும், பொறுப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டு அவரிடம்தான் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதங்களில் அவர் எடுக்கும் முடிவுகளில் சில உங்களுக்குப் பணம் செலவு வைக்கும். அதைப் படிப்புச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போது எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டால் அதுவரை கட்டிய கட்டணம் முழுவதும் வீண்.

பயிற்சி என்றவுடன் பெரிய செலவு என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில், பழகிய ஆட்கள் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலைக்கே வந்திராத ஆண்களையும் பெண்களையும் வைத்து ஆலைகளை ஓட்ட வேண்டியிருந்தது. அப்போது மேற்பார்வையாளர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தார்கள். ஒவ்வொரு பாடமும் மொத்தம் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், அவ்வளவுதான். வேலையை எப்படிக் கற்றுக்கொடுப்பது, வேலைமுறையை எப்படிச் சீர்செய்வது, ஆட்களோடு எப்படி நடந்துகொள்வது என்ற மூன்றே பொருள்கள். கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, பிறகு விடாமல் கவனி என்ற நான்கு படிகளில் கற்றுக்கொடுக்கும் முறை அதிலிருந்து வந்தது. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது. நம் பட்டறைகளில் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திவிட்டு, "எத்தனை தடவை சொன்னாலும் புரியவில்லை" என்று ஆளைக் குறை சொல்கிறோம். கற்றவர் செய்யவில்லை என்றால் கற்பித்தவர் இன்னும் கற்பிக்கவில்லை என்பதே அந்தப் பயிற்சியின் அடிப்படை. உங்கள் பொறுப்பாளருக்கு இந்த நான்கு படிகளைப் பழக்கிவிட்டால், அவருக்கு அடுத்தவரை அவரே உருவாக்குவார்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு பொதுவான பிழை உண்டு. நன்றாகக் கடைபவரைத் தலைவராக்கிவிடுகிறோம். நல்ல டர்னர் ஒருவரை இழந்து, மனமில்லாத ஃபோர்மேன் ஒருவரைப் பெறுகிறோம். யாரிடம் மற்றவர்கள் தாமாகப் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள், யார் தன் வேலை முடிந்த பிறகும் பக்கத்து மிஷினைப் பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். இன்னொன்றையும் மனத்தாங்கல் இல்லாமல் சொல்ல விரும்புகிறேன். நம் பக்கத்துப் பட்டறைகளில் பொறுப்பு என்றால் சொந்தக்காரருக்கு, சொந்த ஊர்க்காரருக்கு, சொந்த சாதிக்காரருக்கு என்று கை தானாகப் போகிறது. இன்று உங்கள் தளத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்குள் இந்தியும் தமிழும் பேசத் தெரிந்து, சண்டையைத் தீர்த்து, ஊருக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்து வரும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் ஏற்கெனவே தலைவர்தான்; நீங்கள் இன்னும் அவருக்குப் பொறுப்பைக் கொடுக்கவில்லை, அவ்வளவே. இன்ஸ்பெக்ஷனில் உட்காரும் பெண்களைப் பற்றியும் இதையே சொல்வேன். கேஜை (அளவு சரிபார்க்கும் கருவியை) வைத்துப் பார்த்து "இது ஆகாது" என்று நாள் முழுவதும் முடிவெடுப்பவர்கள் அவர்கள். தரப் பொறுப்பு முழுவதையும் அவர்களில் ஒருவரிடம் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்?

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொறுப்பைக் கூட்டிவிட்டுச் சம்பளத்தைக் கூட்டாமல் இருப்பது சுரண்டல். அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்கக் கூடாது. சந்தையில் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

கணக்கில் எழுத முடியாத பலன் ஒன்றும் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டும்போதுதான் அது புரியும். உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கலாம், பட்டறையை எடுத்து நடத்த விரும்பாமலும் இருக்கலாம். அன்று இந்த இடத்தை என்ன செய்வது என்ற கேள்வி வரும். முதலாளி இல்லாவிட்டால் ஓடாத பட்டறையை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். மிஷின்களை எடைக்குத்தான் கேட்பார்கள். தானாக ஓடும் பட்டறைக்கு விலை உண்டு, வாங்க ஆளும் உண்டு. வேண்டுமானால் உள்ளே இருப்பவர்களில் ஒருவரையே பங்குதாரராக்கி நடத்தவும் வழி உண்டு. நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் வளர்த்த ஆட்கள் அங்கே தமக்குக் கீழே இரண்டு தலைமுறை ஆட்களை வளர்த்துவிட்டார்கள். அந்தப் புதியவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஆனால் மிஷினை நிறுத்திவிட்டு, யாருக்கும் பயப்படாமல் நடந்து வந்து "இந்த லாட்டில் குறை இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு ஏற்படும் நிறைவு, நான் வாங்கிய எந்தச் சம்பளத்திலும் கிடைத்ததில்லை.

உங்கள் கேள்வியில் வந்த மூன்றாமவரை, பெரிய கம்பெனிக்குப் போனவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்துப் பேசுங்கள். திரும்ப வரச் சொல்லிக் கேட்க வேண்டாம். "அங்கே நீயே முடிவு செய்வது எதெல்லாம்? இங்கே நான் விடாமல் வைத்திருந்தது எது?" என்று மட்டும் கேளுங்கள். சம்பளத்தைத் தவிர அவர் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து நீங்கள் வளர்க்கப்போகும் நான்கைந்து பேருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் அந்தத் தாளில் இருக்கும்.